விளக்கை அணைத்த பிறகு

திருப்பாதிரிப்புலியூர்
22-1-2024

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கை மங்கம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறோம். உன் முட்டி வலியும் அண்ணியின் சர்க்கரையும் எப்படி இருக்கின்றன?

இந்தக் காலத்தில் கூடப்பிறந்தவனுக்கு லெட்டர் எழுத என்னை உட்கார வைத்துவிட்டாயே. தபால் ஆபீசில் இன்லண்ட் லெட்டர் கேட்டால் அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்க்கிறாள். உன் நம்பருக்குப் போன் அடித்தால் அண்ணிதான் எடுக்கிறாள். "அவரு வெளிய போயிருக்காரு மங்கா" என்கிறாள். பின்னால் நீ இருமுவது எனக்குக் கேட்கிறது. ஐந்து மாதமாக ஒரு மனுஷன் வெளியே போய்க்கொண்டே இருப்பானா?

கிள்ளைக்கு இரண்டு பஸ் மாறினால் வந்துவிடலாம் என்று எனக்கும் தெரியும். என்னால் அந்தத் தண்ணீரைப் பார்க்க முடியாது. நீயாவது இங்கே வரலாம். கருமாதி அன்று பந்தலுக்கு வெளியே நின்றுவிட்டுப் போனவன்தான், அப்புறம் வரவே இல்லை. குறையாகச் சொல்லவில்லை. குறை சொல்லக்கூட எனக்கு இப்போது தெம்பு இல்லை.

எனக்கு ஒன்று வேண்டும். எரிநட்சத்திரம் பார்க்கிறேன் என்று சத்யா உன்னோடு படகில் போன ராத்திரியைப் பற்றி, நீ போலீசிடமும் எங்களிடமும் ஒரே மாதிரி சொன்னாய். "ஒரு சத்தமும் வரல. அவ கூப்புடவே இல்ல" என்று. நீ அவளுக்குப் பத்தடி தூரத்தில் இருந்தாய். கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். அப்படியென்றால் தண்ணீரில் விழுந்தது அவளுக்கே தெரிந்திருக்காது, பயப்படுவதற்குக்கூட நேரம் இருந்திருக்காது. பெற்றவளுக்கு அது பெரிய ஆறுதல். அதை நினைத்துக்கொண்டுதான் படுக்கிறேன்.

இப்போது கொஞ்ச நாளாக ஒரு குழப்பம். நீ அப்படிச் சொன்னாயா, நானாகச் சொல்லிக்கொண்டேனா என்று. அந்த ஒரு வரியை உன் கையெழுத்தில் எழுதி அனுப்பு. தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிறேன். வேறு எதுவும் கேட்க மாட்டேன்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.
தங்கை மங்கம்மா


கிள்ளை
11-2-2024

அன்புத் தங்கை மங்கம்மாவுக்கு அண்ணன் கலியமூர்த்தியின் ஆசீர்வாதம். நீயும் மச்சானும் சுகமாக இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன். என் முட்டிக்கு உன் அண்ணி முத்தம்மாள் நல்லெண்ணெய் தேய்த்துவிடுகிறாள். முட்டி அப்படியேதான் இருக்கிறது, எண்ணெய்தான் தீர்ந்துபோகிறது.

போன் தண்ணீரில் விழுந்துவிட்டது. அதனால்தான் எடுப்பதில்லை. விசைப்படகில் டிரைவர் வேலையை விட்டுவிட்டேன் என்று கேள்விப்பட்டிருப்பாய். முதலாளி, "கொஞ்ச நாள் கழிச்சு வா கலியமூர்த்தி" என்று மரியாதையாகத்தான் சொன்னார். நான் மறுபடி போகவில்லை. இப்போது கிழிந்த வலைகளைத் தைத்துக் கொடுக்கிறேன். உட்கார்ந்தபடி செய்கிற வேலை, யாரோடும் பேச வேண்டியதில்லை.

போன வாரம் மழை தூறியது. இறால் வரத்து சுமார்தான்.

நீ கேட்டதைப் பற்றி நிதானமாக எழுதுகிறேன். கண்ணாடி உடைந்திருக்கிறது.

மச்சானிடம் ஐஸ் கம்பெனியில் குளிரில் ரொம்ப நேரம் நிற்க வேண்டாம் என்று சொல்லு.
கலியமூர்த்தி


திருப்பாதிரிப்புலியூர்
19-2-2024

அன்புள்ள அண்ணனுக்கு மங்கம்மா. உடம்புக்கு ஒன்றும் இல்லை. உனக்கும் அண்ணிக்கும் ஒன்றும் இருக்கக் கூடாது.

தண்ணீரில் விழுந்த போனை அண்ணி எப்படி எடுத்துப் பேசுகிறாள்? கண்ணாடி உடைந்தவன் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறாய், நான் கேட்ட ஒரு வரியை விட்டுவிட்டு. சின்ன வயசில் பொய் சொன்னால் உனக்குக் காது மடல் சிவக்கும். கடிதத்தில் அது தெரியாது என்று தைரியமா?

போன செவ்வாய்க்கிழமை சத்யாவின் காலேஜில் இருந்து அவளுடைய பிசிக்ஸ் சார் வந்தார். அவள் நோட்டுகளைக் கொடுத்துவிட்டுப் போக வந்திருந்தார். எரிநட்சத்திரம் எண்ணுவதற்கு ஒரு தாள் அச்சடித்துக் கொடுத்தார்களாம். மணி, எண்ணிக்கை, திசை என்று கட்டம் போட்டது. அதில் ஒரு நகல் நோட்டுக்குள் இருந்தது. ஒன்றும் எழுதாத தாள்.

"இது ஒவ்வொரு வருஷமும் வரும்மா. ஆகஸ்ட் பன்னண்டு, பதிமூணு. பழைய வால்நட்சத்திரம் வுட்டுட்டுப் போன தூசிக்குள்ள பூமி போவும், அதான்" என்றார். மறுபடியும் அதே தேதிக்கு வருமா சார் என்று கேட்டேன். ஆமாம் என்று சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. காபியைப் பாதி குடித்துவிட்டு எழுந்து போனார்.

எனக்கு அழுகை வரவில்லை அண்ணா. ஆறு மாதமாகிறது. தண்ணீர் பிடிக்கிறேன், சமைக்கிறேன், தையல் மெஷினில் உட்காருகிறேன். மூன்று ஜாக்கெட்டுக்கு இரண்டு கையும் ஒரே பக்கத்துக்கு வெட்டிவிட்டேன். திட்டினார்கள். அதுவும் ஒன்றும் செய்யவில்லை. உன் மச்சான் டிவியைச் சத்தம் இல்லாமல் வைத்துப் பார்க்கிறார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன்.

அந்த வரியை எழுது.

அண்ணியை வேளைக்குச் சாப்பிடச் சொல்லு.
மங்கம்மா


கிள்ளை
20-3-2024

அன்புத் தங்கைக்கு ஆசீர்வாதம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபப்படாதே. சிதம்பரத்துக்கு ஒரு வேலையாக நாலைந்து தடவை போய்வர வேண்டியதாகிவிட்டது. மச்சான் எப்படி இருக்கிறார்? நீ சாப்பிடுகிறாயா?

அன்றைக்கு நடந்ததை எழுதுகிறேன். உனக்கு எது தெரியும், எது தெரியாது என்று எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளை வந்து இறங்கினாள். முத்தம்மாள் நண்டு வறுத்திருந்தாள். "அத்த, போதும் அத்த, வயிறு வெடிச்சிடும்" என்று சொல்லிக்கொண்டே ஐந்து நண்டு தின்றாள். அப்புறம் கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, மீன் இறங்குதளத்து ஹைமாஸ் விளக்கு வானத்தையே வெளுப்பாக்குகிறது, இங்கே ஒன்றும் தெரியாது என்றாள். வெளிச்சம் இல்லாத இடம் எங்கே என்று கேட்டாள். முகத்துவாரத்துக்கு இந்தப் பக்கம், சுரபுன்னைக் காட்டுக்குப் பின்னால் போனால் கும்மிருட்டு என்று நான்தான் சொன்னேன். அவள் கேட்டதற்குச் சொன்னதுதான், ஆனாலும் சொன்னது நான்.

தெரிந்தவருடைய ஃபைபர் படகைக் கேட்டு வாங்கிக்கொண்டு பதினோரு மணிக்குப் போனோம். நங்கூரம் போட்டேன். இன்ஜினை நிறுத்தினேன். அவள் முன்பக்கம் கிழக்கைப் பார்த்துப் படுத்தாள். நான் பின்பக்கம் மேற்கைப் பார்த்துப் படுத்தேன். ஆளுக்குப் பாதி வானம். யார் அதிகம் எண்ணுகிறார்கள் என்று பந்தயம்.

முதல் ஒரு மணி நேரத்திலேயே நான் பதினெட்டு எண்ணிவிட்டேன். ஒவ்வொன்றும் வெள்ளையாகக் கோடு போட்டுவிட்டுப் போனது. என் வாழ்நாளில் பாதி ராத்திரி கடலில் கழிந்திருக்கிறது, ஆனால் மேலே பார்த்தது இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது மங்கா. அதை உன்னிடம் எழுதக் கூடாதுதான்.

இப்போதைக்கு இவ்வளவுதான் எழுத முடிகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.
கலியமூர்த்தி


திருப்பாதிரிப்புலியூர்
28-3-2024

அண்ணனுக்கு. இருக்கிறோம். நீங்களும் இருப்பீர்கள்.

அவள் ஐந்து நண்டு தின்றதைக் கேட்டேனா? நீ சந்தோஷப்பட்டதைக் கேட்டேனா? ஒரு வரி கேட்டேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதிவிடும். சிதம்பரத்தில் அப்படி என்ன வேலை உனக்கு, தங்கைக்கு ஒரு வரி எழுத முடியாத வேலை?

மங்கம்மா


கிள்ளை
17-4-2024

அன்புத் தங்கைக்கு. எல்லோரும் நலம், உன் நலம் அறிய ஆவல் என்று எழுதக் கை வருகிறது. எழுதிவிட்டேன், அடிக்கவில்லை.

தடைக்காலம் தொடங்கிவிட்டது. படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கிறது. ஆம்பிளைகள் முழுக்க ஊரில் இருப்பதால் தெருவில் ஜாஸ்தி கூட்டம். நான் வீட்டுக்குள்ளேயே வலையை வைத்துத் தைக்கிறேன். சிதம்பரத்தில் ஒரு பேப்பர் வர வேண்டியிருக்கிறது. அது கைக்கு வந்ததும் நீ கேட்டதை எழுதுகிறேன். அதுவரைக்கும் பொறு.

வெயிலில் அலையாதே.
கலியமூர்த்தி


திருப்பாதிரிப்புலியூர்
22-5-2024

அன்புள்ள அண்ணனுக்கு மங்கம்மா. எனக்கு வேனல் கட்டி வந்து உடைந்து ஆறிவிட்டது. உன் மச்சானுக்கு இருமல், சிரப் குடிக்கிறார். அண்ணிக்கு இன்சுலின் ஊசி போடச் சொல்லியிருக்கிறார்களாமே. பயப்பட வேண்டாம் என்று சொல்லு, இப்போது எல்லாரும் போட்டுக்கொள்கிறார்கள்.

போன கடிதத்தில் கோபமாக எழுதிவிட்டேன். கோபம் வந்ததே என்று பிறகு எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ரொம்ப நாளைக்கு அப்புறம் வந்த ஒரே உணர்ச்சி அதுதான். அரை நாள்கூட இருக்கவில்லை.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். உன் மச்சான் தினமும் படுக்கும்போது என்னைக் கேட்கிறார். "புள்ள கூப்புடலதான?" என்று. "ஒரு சத்தமும் வரலியாம். பத்தடியில அண்ணன் இருந்துதே, கேக்காதா?" என்று நான் சொல்வேன். சரி என்று சுவர் பக்கம் திரும்பிப் படுப்பார். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிடுவார். அதற்கப்புறம்தான் எனக்கும் கண் அசரும். ஒன்பது மாதமாக இப்படித்தான் ராத்திரி கழிகிறது. எங்களிடம் அதைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.

அதனால் யோசித்துப் பார்த்தேன். நீ எழுத வேண்டாம். உனக்கு எழுதக் கஷ்டமாக இருந்தால் விட்டுவிடு. ஆனால் எதையும் மாற்றி மட்டும் எழுதிவிடாதே அண்ணா. அது எந்தப் பேப்பராக இருந்தாலும் சரி.

முட்டிக்கு ஒத்தடம் கொடு.
மங்கம்மா


கிள்ளை
24-6-2024

அன்புத் தங்கை மங்கம்மாவுக்கு அண்ணன் எழுதுவது. முத்தம்மாள் ஊசிக்குப் பழகிவிட்டாள். மச்சானின் இருமல் நின்றதா?

மாற்றி எழுதாதே என்று நீ எழுதிய வரியை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நீயும் மச்சானும் தினமும் என் காதை நம்பிப் படுக்கிறீர்கள் என்று தெரிந்த பிறகு என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

எனக்குக் காது கேட்காது மங்கா.

இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இருபத்தாறு வருஷம் இன்ஜினுக்குப் பக்கத்தில் நின்றதில் போய்விட்டது. முதலில் இடது காது, அப்புறம் வலது. படகில் யாருக்கும் தெரியாது. இன்ஜின் ஓடும்போது அங்கே எவனும் வாயால் பேசுவதில்லை, எல்லாம் கை ஜாடைதான். இன்ஜின் எப்படி ஓடுகிறது என்று பலகையில் பாதத்தை வைத்தாலே எனக்குத் தெரியும். கரையில் எதிராளியின் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். போனில் வாய் தெரியாது, அதனால் எடுப்பதில்லை. முத்தம்மாளுக்கு மட்டும் தெரியும். வெளியே சொல்லக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். காது கேட்காதவனை யார் டிரைவராக வைத்துக்கொள்வார்கள்?

அன்றைக்கு ராத்திரி படகில் ஒரு விளக்கு இருந்தது. அந்த வெளிச்சத்தில் பிள்ளை பேசியது எல்லாம் எனக்குப் புரிந்தது. நங்கூரம் போட்டதும், "மாமா, வெளக்க அமத்திடு. கண்ணு இருட்டுக்குப் பழகுனாதான் சின்னதெல்லாம் தெரியும்" என்றாள். அவள் சொன்னதில் எனக்குக் கடைசியாகப் புரிந்தது அதுதான். அமத்தினேன். அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும், இருட்டில் எனக்கு ஒன்றும் எட்டாது புள்ள, என் பக்கத்தில் வந்து படு என்று. சொல்ல வெட்கமாக இருந்தது. அவள் என்னைப் பெரிய ஆளாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

நட்சத்திரம் விழுவதைப் பார்த்தால் உடனே பச்சையைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் மறதி வந்துவிடும் என்று நமக்குச் சொல்லி வளர்த்தார்களே. அந்தப் பழக்கத்தில் ஒவ்வொன்று விழும்போதும் நான் சுரபுன்னைக் காட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தேன். இருட்டில் என்ன பச்சை தெரியும். ஆனாலும் திரும்பினேன். அவள் இருந்த பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

நடுவில் படகு ஒரு தரம் நன்றாக ஆடியது. நின்று பார்க்கிறாள் போல என்று நினைத்தேன். நாற்பத்தொன்று எண்ணிய பிறகு, என் கணக்கைச் சொல்லிப் பெருமை அடிக்கலாம் என்று விளக்கைப் போட்டேன். முன்பக்கம் அவளுடைய செருப்பும் தாளும் இருந்தன. படகு ஆடியது எத்தனையாவது நட்சத்திரத்தில் என்று எனக்கு ஞாபகம் இல்லை. தண்ணீர் கடல் பக்கம் இழுக்கிற நேரம் அது.

சத்தம் வரவில்லை என்று நான் சொன்னது பொய் இல்லை. எனக்கு வரவில்லை. ஆனால் அதை நீங்கள் எப்படி எடுத்துக்கொண்டீர்கள் என்று தெரிந்துதான் பேசாமல் இருந்தேன்.

சிதம்பரத்தில் காது டாக்டரிடம் போனேன். எவ்வளவு போய்விட்டது என்று அளந்து பார்க்காமல் உனக்கு எழுதக் கூடாது என்று இருந்தேன். ஒரு கண்ணாடி அறையில் உட்கார வைத்து, தலையில் மெஷினை மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். எப்போது ஆரம்பிப்பீர்கள் என்று கேட்டேன். முடிந்துவிட்டது என்று அந்தப் பெண் எழுதிக் காட்டினாள். "பத்தடி தூரத்துல ஒரு பொண்ணு அலறுனா எனக்குக் கேக்குமா?" என்று கேட்டேன். தலையை ஆட்டினாள், கேட்காது என்று. அதற்கான பேப்பர்தான் இப்போது கையில் இருக்கிறது.

அவள் கூப்பிட்டாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

நீ இனிமேல் எனக்கு எழுத வேண்டும் என்று இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் அண்ணன் கலியமூர்த்தி


கிள்ளை
20-7-2024

அன்புத் தங்கைக்கு. நாங்கள் இருக்கிறோம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?

போன மாசம் போட்ட கடிதம் கிடைத்ததா? தபால்காரரை மூன்று தடவை கேட்டுவிட்டேன். கிடைத்தது என்று மட்டும் எழுதினால் போதும். மச்சான் தூங்குகிறாரா?
கலியமூர்த்தி


திருப்பாதிரிப்புலியூர்
6-8-2024

அன்புள்ள அண்ணனுக்கு மங்கம்மா எழுதுகிறேன். உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. அண்ணியை ஊசியை விடாமல் போட்டுக்கொள்ளச் சொல்லு.

ஆறு வாரமாக இந்தப் பதிலை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். நீ எழுதிவிட்டாய். இனி நானும் எழுதியாக வேண்டும்.

உனக்குக் காது கேட்காது என்று எனக்குத் தெரியும்.

போன வருஷம் மாசி மகத்துக்கு, ஸ்ரீமுஷ்ணம் பெருமாள் தீர்த்தவாரிக்குக் கிள்ளை வந்திருந்தபோது நாங்களும் வந்தோமே, அன்றைக்கே தெரிந்துவிட்டது. உன் முதுகுக்குப் பின்னால் யாரோ சரவெடி கொளுத்திப் போட்டார்கள். சுற்றி நின்றவர்கள் எல்லாம் துள்ளினார்கள். நீ கையில் இருந்த பொரியைத் தின்றுகொண்டு நின்றாய். அப்புறம் அன்று முழுக்க உன்னைக் கவனித்தேன். முகத்தைப் பார்த்துப் பேசினால் பதில் சொன்னாய், இல்லாவிட்டால் சிரித்தாய். நீ மறைக்கிறாய் என்று புரிந்தது. உன் பிழைப்பு போய்விடும் என்று நானும் மறைத்தேன். உன் மச்சானிடம்கூடச் சொல்லவில்லை.

தெரிந்துதான் பிள்ளையை உன்னோடு அனுப்பினேன்.

அன்றைக்கு மத்தியானம் கடலூர் பஸ் ஸ்டாண்டில் அவளை ஏற்றிவிட்டேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். "மாமாவுக்குக் காது கேக்காதுடி, எதுனாலும் தொட்டுச் சொல்லு." இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. வாய் வரைக்கும் வந்தது. அவளுக்கு முன் சீட்டில் உன் படகு முதலாளியின் மச்சினிச்சி உட்கார்ந்திருந்தாள். அவள் காதில் விழுந்தால் ஊர் முழுக்கச் சொல்லிவிடுவாள். ராத்திரி போனில் சொல்லிக்கொள்ளலாம் என்று கையை ஆட்டிவிட்டு வந்தேன்.

ராத்திரி போனும் செய்தேன். நண்டு தின்றதைச் சொன்னாள், வானம் சூப்பரா இருக்கும்மா என்றாள். பனியில் தலையை மூடிக்கொள் என்று சொன்னேன். வேறு என்னவோ சொல்ல நினைத்தோமே என்று எனக்குத் தோன்றியது. நாளைக்கு வந்துவிடுவாளே என்று வைத்துவிட்டேன்.

அப்புறம் நீ வந்து சத்தமே வரவில்லை என்று சொன்னபோது, அது எதனால் என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். இருந்தும் அதைப் பிடித்துக்கொண்டேன். நீ அதையே சொல்லிக்கொண்டிருந்தால் நான் என்னுடையதைச் சொல்ல வேண்டியதில்லை. அதற்குத்தான் உன் கையெழுத்தைக் கேட்டு உயிரை வாங்கினேன். என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது அண்ணா.

பன்னிரண்டாம் தேதி திங்கட்கிழமை நாங்கள் இருவரும் வருகிறோம். இரண்டு மணி பஸ். நீ சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்கே வந்து நில். அங்கிருந்து உன் கையைப் பிடித்துக்கொண்டால் கிள்ளை வரைக்கும் வந்துவிடுவேன் என்று நினைக்கிறேன். படகு வேண்டாம். கரையில் இருந்து எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவு பார்த்தால் போதும்.

நேற்று ராத்திரி உன் கடிதத்தை உன் மச்சானுக்குப் படித்துக் காட்டினேன். பஸ் ஸ்டாண்டில் நான் சொல்லாமல் விட்டதையும் சொன்னேன். திட்டுவார், எழுந்து போய்விடுவார், அடித்தாலும் அடிப்பார் என்று இருந்தேன். அவர் உட்கார்ந்தே இருந்தார். "அப்ப கூப்ட்டிருப்பா" என்றார்.

தங்கை மங்கம்மா